நிலையாமை, அனாத்மா, விழிப்புணர்வு: எங்கே தவறாகப் பிடிக்கிறோம்?

பாம்பை வாலில் பிடித்தால் அது திரும்பிக் கையைக் கடிக்கும். தம்முடைய போதனையைத் தவறாகப் பற்றுகிறவனுக்கும் அதே கதிதான் என்று மஜ்ஜிம நிகாயம் என்ற பாலி மொழி உரைத்தொகுப்பின் 22ஆம் சூத்திரத்தில் புத்தர் எச்சரிக்கிறார். அப்படித் தவறாகப் பற்றியதற்காக அங்கே கண்டிக்கப்படும் அரிட்டர் வெளியாள் அல்ல, ஒரு பிக்கு, அதாவது பௌத்தத் துறவி.

அதிகம் கடிபடுவது அனாத்மாவில், அதாவது எதையும் மாறாத 'நான்' என்று கொள்ள முடியாது என்ற போதனையில். "நான் என்று யாருமே இல்லையென்றால், செய்ததற்கு யார் பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாக நகர்ந்துவிடுகிறோம். புத்தர் காலத்திலேயே ஒரு பிக்குவுக்கு இந்த எண்ணம் எழுந்தது. அதை அறியாமையிலும் வேட்கையிலும் பிறந்த எண்ணம் என்று புத்தர் ஒதுக்கினார். அவர் மறுத்தது செயலையும் அல்ல, விளைவையும் அல்ல. உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று மணிமேகலை சொல்லும் ஐந்து கந்தங்களுக்குள், அதாவது நம் உடலும் மனமுமான ஐந்து கூறுகளுக்குள், மாறாத உரிமையாளர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நம்பிக்கையைத்தான் மறுத்தார். உடல் உண்மையிலேயே 'நான்' என்றால் "நோயுறாதே" என்று அதற்கு ஆணையிட முடிய வேண்டுமே! முடிவதில்லை. அதே நேரம் "ஆன்மா உண்டா?" என்று வச்சகோத்தர் என்ற நாடோடித் துறவி கேட்டபோதும் புத்தர் பேசவில்லை, "அப்படியானால் இல்லையா?" என்றபோதும் பேசவில்லை. 'நான் இல்லை' என்பதையே ஒரு கொள்கையாக்கிக்கொண்டு வாதாடுபவர்கள் அந்த மௌனத்தைக் கவனிப்பதில்லை.

நிலையாமை விஷயத்தில் வருவது சோம்பல். எல்லாம் போகத்தானே போகிறது, எதற்கு மெனக்கெட வேண்டும் என்ற பேச்சு. ஆனால் புத்தரின் கடைசி வாக்கில் 'காரணங்கள் கூடி உண்டானவை யாவும் அழியும் இயல்புடையவை' என்பதற்கு அடுத்தே 'அயராது முயலுங்கள்' என்று வருகிறது. காரணங்களால் தோன்றுவதால்தான் எதுவும் மாறுகிறது. கோபமும் கெட்ட பழக்கமும் அப்படியே. அவை மாறாதவையாக இருந்தால் பயிற்சிக்கே இடமில்லை.

துக்க வீட்டில் போய் "எதுவும் நிலையில்லை" என்று உபதேசிப்பதும் இந்த வகைதான். இறந்த குழந்தையைச் சுமந்து வந்த கிசா கோதமிக்குப் புத்தர் பாடம் நடத்தவில்லை. சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னார். வீடு வீடாக நடந்து அவளே தெரிந்துகொண்டாள்.

விழிப்புணர்வு என்றால் மனத்தைக் காலியாக்குவது என்று நினைப்பவர்கள் ஏராளம். விழிப்புணர்வுப் பயிற்சியைப் பற்றிய புத்தரின் உரையான சதிபட்டான சூத்திரமோ நடப்பது, கை மடக்குவது, உண்பது, மலஜலம் கழிப்பதுவரை தெளிவோடு அறியச் சொல்கிறது. வெறுப்புள்ள மனத்தை வெறுப்புள்ள மனம் என்று அறிவதும் அதில் அடக்கம். ஆகவே தியானத்தில் எரிச்சல் வந்தால் பயிற்சி கெட்டுவிட்டது என்று எழுந்துபோக வேண்டியதில்லை. இன்னொன்று: புத்தர் வகுத்த எண்வழிப் பாதையில் நற்கடைப்பிடி, அதாவது இந்த விழிப்புணர்வு, ஏழாவது. நல்வாய்மையும் (நேர்மையான பேச்சு) நல்வாழ்க்கையும் (நேர்மையான பிழைப்பு) அதற்கு முன்னால் இருக்கின்றன. காலையில் மூச்சைக் கவனித்துவிட்டு, பகலில் பொய் சொல்லிப் பிழைப்பவருக்கு அது மன அழுத்தம் குறைக்கும் பயிற்சியாக வேண்டுமானால் உதவலாம்.