கச்சானிலும் வாடையிலும் மர அச்சு

பலகையைச் செதுக்கி, மை பூசித் தாளில் ஒற்றி எடுக்கும் மர அச்சுக்கு முதல் பாடமாக ஜெர்மன் ஓவியர் டியூரரை எடுப்பவர் பாதியில் உளியை வைத்துவிடுவார். 1498இல் நியூரம்பெர்க்கில் வந்த அவருடைய 15 வெளிப்படுத்தல் படங்களில் (விவிலியத்தின் கடைசி நூலுக்கான மர அச்சுகள்) கறுப்புக் கோடெல்லாம் பலகையில் மேடாக நிற்பவை. ஒவ்வொன்றுக்கும் இருபக்கமும் மரத்தை எடுக்கவேண்டும்; கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நான்கு மூலையும். இன்னொரு ஜெர்மன் ஓவியரான கேத்தே கொல்விட்ஸிலிருந்து தொடங்குங்கள். 1923இல் வெளியான 'போர்' வரிசையின் ஏழு அச்சுகளிலும் இருள் பலகையிலேயே கிடக்கிறது. வெளிச்சத்தை மட்டும் செதுக்கியிருக்கிறார்.

திருகோணமலைக் கோட்டைப் பக்கம் படுத்திருக்கும் புள்ளிமான் இதற்கென்றே அமைந்த உரு: உடல் கறுப்பு, புள்ளிக்கு ஓர் உளிக்குத்து.

20×25 சென்ரிமீற்றரில், 6 மில்லிமீற்றர் பிளைவூட் போதும். 220ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்து, நீர்த்த கறுப்பு மை பூசுங்கள். வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரியும். அச்சில் இடம்வலம் மாறும் என்பதால் படத்தைக் கவிழ்த்துப் பலகையில் படியெடுங்கள். மான் திரும்பி நின்றாலும் மானே, பெயரெழுத்து அப்படியல்ல.

ஆழம் 2 மில்லிமீற்றர். விளிம்பு வெளிப்பக்கம் சரியட்டும். உட்பக்கம் குடைந்தால் அடியில் பிடிமானமின்றிக் கோடு உதிரும். நாருக்குக் குறுக்கே போகும்போது முதலில் கத்தியால் கீறாவிட்டால் சிம்பு பெயரும். உளிக்கு முன்னால் கை வேண்டாம்.

எண்ணெய் அச்சு மையை உருளையால் கண்ணாடியில் பரப்புங்கள். மெல்லிய சரசரப்புக் கேட்டால் அளவு சரி. சளசளவென்றால் கூடிவிட்டது, நுண்கோடுகள் அடைபடும். மெல்லிய தாளை வைத்து, வழவழப்பான சிரட்டை அகப்பையின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேயுங்கள். ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். வெளிறிய இடத்தை மறுபடி தேய்க்கலாம். முதல் இரண்டு மூன்று படி மங்கலாகத்தான் வரும், மரம் மை குடிக்கிறது.

வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் மை உருளையிலேயே இறுகும். ஒரு துளி ஆளிவிதை எண்ணெய் கலந்து, காற்றுக்கு மறைவாக வேலைசெய்யுங்கள். வடகீழ்க் காற்று மழை கொண்டுவரும் வாடைக்காலத்தில் தாள் ஈரம் பிடித்து நெளியும். அச்சுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் கொடியில் நாட்கணக்கில் விடவேண்டும்.

பலகையைத் தண்ணீரில் கழுவாதீர்கள், ஊதிவிடும். தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் எண்ணெயையும் எடுத்து, தட்டையாகப் பாரத்தின்கீழ் வையுங்கள். டியூரரின் 1515ஆம் ஆண்டுக் காண்டாமிருகப் பலகைகூடத் தப்பவில்லை: பிற்காலப் படிகளில் அதன் கால்களுக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடுகிறது.