கைக்கு வரும் பச்சோந்தி: உணவூட்டுவோர் செய்யும் தவறுகள்

மூன்று ஆண்டுகளாக வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் ஆண் ஏமன் பச்சோந்தி வாழ்கிறது. தலைமேல் மகுடம்போல் எழும்பிய தகட்டை உடைய இந்த இனம் ஏமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்டது. அதற்கு நான் கையால் பூச்சி கொடுப்பதை ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, "இன்னா தம்பி, கொயந்தைக்கு ஊட்டற மாதிரி ஊட்டறே, அதுக்கு உன்னை அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும், ஆனால் அந்தத் தெரிதல் நாயின் பாசத்தைச் சேர்ந்ததும் அல்ல, கிளியின் பழக்கத்தைச் சேர்ந்ததும் அல்ல. "இந்த உருவத்தால் எனக்கு ஆபத்தில்லை" என்ற அளவில் பச்சோந்தி நின்றுவிடுகிறது. அதன் நம்பிக்கை என்று நாம் சொல்வது அவ்வளவுதான். கையால் உணவூட்டுவதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, அதற்குமேல் ஏதோ இருப்பதாக எண்ணிக்கொண்டு, அதன் உடல் காட்டும் குறிகளை மனிதக் குறிகளாகப் படிப்பதால் வருபவை. நானும் அப்படிப் படித்து அதை ஏறக்குறைய முடமாக்கினேன்; பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

சிலருடைய தவறு, பூச்சியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஜவ்வாது மலை அடிவாரத்திலோ அமிர்தி போகும் வழியிலோ புதரில் ஒரு பச்சோந்தி கண்ணில் பட்டதும், அதைச் சட்டைமேல் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி இனம் ஒன்றே ஒன்றுதான். அது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது, ஆகவே அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று நம் ஊரில் சொல்வது இதற்குச் சொல்லுக்குச் சொல் பொருந்தும். வெளிநாட்டு இனங்களை வளர்ப்போரும் சட்டத்துக்கு வெளியே இல்லை. 2022-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தையும் 2024-இல் வந்த விதிகளையும் ஒட்டி, அவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். விற்பவர் "பதிவெல்லாம் தேவையில்லை" என்று சொன்னால் அவரிடம் வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.

கூண்டைத் தரையிலோ தாழ்ந்த ஸ்டூலிலோ வைப்பது அடுத்த தவறு. மரத்தில் வாழும் இந்தச் சிறு உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் மேலிருந்து, பறவை வடிவில் வருவது. ஏமனில் மட்டுமல்ல, நம் மொட்டை மாடியில் ஐந்து நிமிடம் வெயில் காட்ட வைத்தாலும் காகமும் வல்லூறும் அதைத்தான் முதலில் பார்க்கும். தன் தலைக்கு மேலிருந்து இறங்கும் எதையும் அது பறவையாகவே எடுத்துக்கொள்கிறது. முதல் இரண்டு மாதங்கள் எங்கள் கூண்டு டீப்பாயின் மேல் இருந்தது. நான் எவ்வளவு மெதுவாக நெருங்கினாலும் அது கரும்பச்சையாக இருண்டு, உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, பாம்புபோல் சீறியது. கூண்டை உயரமான மர அலமாரியின் மேல் ஏற்றி, மேல் கிளை என் கண்மட்டத்துக்கு மேலே இருக்குமாறு கட்டிய பிறகு, ஒரே வாரத்தில் சீற்றம் குறைந்தது. கையும் அப்படித்தான்: மேல் கதவு வழியாக இறங்காமல், முன்கதவு வழியாக, அதன் கால்மட்டத்துக்குக் கீழிருந்து, ஒரு கிளை நீள்வதுபோல் வர வேண்டும்.

அவசரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, எல்லோரும் அறிந்ததுதான். ஆனாலும் வாங்கிய மறுநாளே கையில் ஏற்றிப் படம் எடுக்காத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. புதிய இடத்துக்கு வந்த பச்சோந்திக்குக் குறைந்தது இரண்டு வாரமாவது ஆள் தொடாத அமைதி வேண்டும். அந்நாட்களில் தண்ணீர் தெளித்து, கிண்ணத்தில் பூச்சி வைத்துவிட்டு விலகிவிடலாம். அதன்பின் அது பார்க்கும் தூரத்தில் நாளும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கலாம். பிறகு கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நீட்டலாம். கிண்ணத்திலிருந்து எடுக்கப் பழகிய பிறகே விரலிடைப் பூச்சி. தயிர் வந்த வெள்ளை டப்பாவின் உள்சுவரில் பூச்சி ஏறிவருவதற்கு ஒரு துண்டு வலையை ஒட்டினால் அதுவே போதுமான கிண்ணம். எங்கள் பச்சோந்தி கிண்ணத்திலிருந்து விரலுக்கு வர ஏழு வாரம் எடுத்துக்கொண்டது. சில பச்சோந்திகள் வாழ்நாள் முழுவதும் விரலுக்கு வருவதே இல்லை, அவற்றைக் கிண்ணத்தோடு விட்டுவிட வேண்டும்.

விரலிலிருந்து எடுக்கும் அந்தக் கணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக நுணுக்கமான தவறு அங்கேதான் நேர்கிறது. காலையில் விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கண்கள் இரண்டும் தனித்தனியே சுழன்றுகொண்டிருக்கும். ஒன்று மின்விசிறியைப் பார்க்க, மற்றொன்று என் கைக்கடிகாரத்தைப் பார்க்கும். பூச்சியின் கால் ஒரு முறை அசைந்ததும் ஒரு கண் அதன்மேல் நிற்கும். சில நொடிகளில் இரண்டாவது கண்ணும் முன்னால் திரும்பி அதே புள்ளியில் பதியும். உடல் காற்றில் இலை ஆடுவதுபோல் முன்னும் பின்னும் ஆடி நிற்கும். வாய் மெல்லத் திறந்து, இளஞ்சிவப்பு நாக்கு நுனி ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு எட்டிப் பார்க்கும். "இதோ, எடுக்கப்போகிறது" என்ற ஆவலில் நாம் கையை ஓர் அங்குலம் முன்னே நீட்டிவிடுகிறோம். உடனே நாக்கு உள்ளே போய், வாய் மூடி, ஒரு கண் கூரையைப் பார்க்கப் போய்விடும். பச்சோந்தி தன் கண்ணின் குவியத்தைக் கொண்டே தூரத்தை அளக்கிறது. அளந்து முடித்த தூரத்தை நாம் கலைத்துவிட்டால் அது முதலிலிருந்து தொடங்க வேண்டும், பெரும்பாலும் தொடங்காது. அந்த நேரத்தில் உதவுவதற்காக நாம் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. மணிக்கட்டை ஒரு கிளையின் மேலோ கூண்டின் சட்டத்தின் மேலோ ஊன்றி வைத்தால் நடுக்கமும் இராது.

நாக்கு உடலின் நீளத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரை நீளக்கூடியது என்பதால், பூச்சியை மூக்கருகே கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. ஒரு சாண் தூரம் தாராளமாகப் போதும். அதன் நுனியில் சுரக்கும் பசை மனித உமிழ்நீரைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு கெட்டியானது. ஆகவே குறி தவறி விரலில் ஒட்டிக்கொண்டால், பதறிக் கையை இழுக்கக் கூடாது. நாக்கை இழுத்துக்கொள்ளும் தசைகள் அதனால் காயப்பட்டால் பிறகு அது வேட்டையாடவே இயலாமல் போகலாம். கையை அப்படியே வைத்திருந்தால் அதுவே விடுவித்துக்கொள்ளும். விரல் கூசுகிறவர்கள் சமையலறை இடுக்கியைப் பயன்படுத்துவதையும் பார்த்திருக்கிறேன். வேகமாக வந்து மோதும் மென்மையான நாக்குக்கு இரும்பு நுனி ஆகாது, மூங்கில் குச்சி இடுக்கி போதும். கையில் சானிடைசரோ முகப்பவுடரோ இருந்தால் அது நேராக அதன் வாய்க்குள் போகும் என்பதால், முன்னால் வெறும் தண்ணீரிலும், சால்மொனெல்லா கிருமியின் காரணமாகப் பின்னால் சோப்பு போட்டும் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை இந்த வேலையில் சேர்க்க வேண்டாம்.

சுவர்க்கோழியை அதன் பின்னங்காலில் பிடிப்பது வீண். அது காலை நம் விரலில் கழற்றிவிட்டு ஓடிவிடும். உடலின் இரு பக்கமும் மெதுவாகப் பிடித்து, முன்னங்கால்கள் அசையும்படி விட வேண்டும். அசையாத பூச்சியைப் பச்சோந்தி உணவாகவே எண்ணுவதில்லை. சுண்ணாம்புச்சத்துப் பொடியைத் தூவுவதும் அவசியம்தான், ஆனால் கொழுக்கட்டை மாவில் புரட்டியதுபோல் வெள்ளையாக்கினால் அதைச் சந்தேகத்துடன் பார்த்துவிட்டுப் போய்விடும். பூச்சியின் அளவு, பச்சோந்தியின் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது.

பூச்சிக்குச் செலவாகிறது என்று பாலாற்றங்கரைக்கு வலையோடு கிளம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலப்பச்சையும் கலந்து பளபளக்கும் வெட்டுக்கிளி, எருக்கின் நஞ்சைத் தன் உடலில் சேமித்து வைத்திருப்பது. ஏமன் பச்சோந்திக்கு அந்த எச்சரிக்கை வண்ணத்தின் பொருள் புரியுமா என்று சோதித்துப் பார்க்கும் இடம் நம் வீடு அல்ல. மின்மினியும் கூடவே கூடாது. நெல் வயலிலும் காய்கறித் தோட்டத்திலும் பிடித்தவை மருந்து தெளித்தவையாக இருக்கக்கூடும். வளர்ப்புச் சுவர்க்கோழியும் கரப்பானும் பட்டுப்புழுவுமே பாதுகாப்பானவை; அவற்றுக்கும் ஒரு நாள் முன்பே முருங்கைக் கீரை, கேரட் போன்றவற்றைத் தின்னக் கொடுத்திருந்தால்தான் அவற்றில் சத்து இருக்கும். கொடுத்து மிஞ்சிய சுவர்க்கோழிகளைக் கூண்டிலேயே விட்டுவிட்டால், இரவில் தூங்கும் பச்சோந்தியை அவை கடிக்கும்.

பட்டினி போட்டுக் கைக்கு வரவழைப்பது என்று ஒரு முறை பலரிடம் இருக்கிறது. நாளின் முதல் பூச்சியைக் கையால் கொடுப்பது வேறு, நான்கு நாள் காயப்போட்டு மண்டியிட வைப்பது வேறு. பசியில் வந்து எடுத்தது பயத்தோடுதான் எடுக்கிறது, வயிறு நிறைந்ததும் பழையபடி சீறுகிறது. இதற்கு நேர்மாறான தவறுதான் அன்புள்ளவர்கள் செய்வது: கையிலிருந்து எடுக்கிறதே என்ற மகிழ்ச்சியில் வரும் விருந்தாளிக்கெல்லாம் ஒரு பூச்சி ஊட்டிக் காட்டுவது. வளர்ந்த ஆணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கைந்து பூச்சிகள் போதும். பெண்ணாக இருந்தால் இது விளையாட்டல்ல. ஏமன் இனப் பெண், ஆணைப் பார்க்காமலேயே முட்டையிடும். அதிகத் தீனியும் அதிகச் சூடும் சேர்ந்தால் ஐம்பது அறுபது முட்டைகள் வரை வயிற்றில் உருவாகி, இட முடியாமல் இறந்தும் போகும்.

இனி என் கதை. வளர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டின் மார்கழியில், பச்சோந்தி நாக்கை நீட்டுவதை விட்டுவிட்டு, கிளை வழியாக நடந்து வந்து, என் விரலிலிருந்து வாயால் நேரடியாகப் பூச்சியைக் கவ்வத் தொடங்கியது. "பாருங்கள், எவ்வளவு நம்பிக்கை!" என்று காணொளி எடுத்துக் குடும்பக் குழுவில் அனுப்பினேன். அக்கா இதயக்குறி போட்டாள். தடவிக்கொடுத்தால் பகலிலேயே கண்ணை மூடியது. சுகமாக இருக்கிறது போலும் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அது கிளையிலிருந்து நழுவி விழுந்தபோதுதான் முன்கைகள் வில்போல் வளைந்திருப்பதைக் கவனித்தேன். சென்னையில் ஊர்வன பார்க்கும் மருத்துவர் ஒருவர் அதன் தாடையை விரலால் மெல்ல அழுத்திக் காட்டினார், ரப்பர்போல் வளைந்தது. சுண்ணாம்புச்சத்துக் குறைபாடு. தசைக்குச் சுண்ணாம்புச்சத்து கிடைக்காததால் நாக்கை எறிய முடியவில்லை, அதனால்தான் நடந்து வந்து கவ்வியது. கடையில் புற ஊதா விளக்கு என்று சொல்லி விற்றது வெறும் நீல நிற பல்பு. ஜன்னலோரம் வெயில் படுகிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன், ஆனால் கண்ணாடி, உடல் வைட்டமின் டி உண்டாக்கத் தேவைப்படும் கதிரைத் தடுத்துவிடும். சரியான குழல் விளக்கும் மருந்தும் கொடுத்து ஐந்து மாதத்தில் நாக்கு திரும்பியது. கைகளின் வளைவு திரும்பவில்லை. ஊர்வனவற்றுக்கென்று செய்த குழல் விளக்கையே வாங்கி, அது இன்னும் பளிச்சென்று எரிந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும்.

எனவே பகலில் கண் மூடுவதை ஒருபோதும் சுகம் என்று எண்ணாதீர்கள். அது நோய் அல்லது தாங்க முடியாத அச்சம். வாய் திறந்திருப்பதைப் பசி என்றும் எண்ணாதீர்கள். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர் வெயில் 40 பாகையைத் தாண்டும்போது அது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சூட்டைத் தணிக்கிறது; அந்த வாயில் பூச்சியைத் திணித்த ஒருவரை அறிவேன். அப்போது தேவை விளக்கை அணைப்பதும், இலைகளில் தண்ணீர் தெளிப்பதும். கிண்ணத்தில் தேங்கிய நீரை அது பெரும்பாலும் அடையாளம் காணாது, இலையில் உருளும் துளியைத்தான் குடிக்கும். குளிர்கால விடியலில் நிலை வேறு: நாக்கை எறிவது, இழுத்துவிட்ட ரப்பர்போல் மீள்விசையால் நடப்பதால் குளிரிலும் வேகமாகப் போய்விடும், திரும்ப இழுப்பது தசையின் வேலை என்பதால் மந்தமாகும். விளக்குச் சூட்டில் உடல் தேறிய பிறகே உணவு. நிறத்தைப் பொறுத்தவரை, பின்னணிக்கு ஏற்ப மாறுகிறது என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிட்டால் போதும். அது சூட்டையும் மனநிலையையும் காட்டுவது. கை நெருங்கும்போது இருண்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கையில் ஏற்றுவதைப் பற்றிச் சுருக்கமாக. கிளையைக் குறடுபோல் பற்றிய காலை மேல்நோக்கிப் பிடுங்கினால் நகமோ மூட்டோ போகும். கையை முன்னால் கிளைபோல் நீட்டி, வயிற்றுக்குக் கீழே மெல்ல வைத்து, அது தானாகக் கால் எடுத்து வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். வாரத்தில் ஓரிரு முறை, சில நிமிடங்களுக்கு மேல் வேண்டாம்.

பழகிய பச்சோந்தியும் தோலுரிக்கும் நாட்களில் கையை மறுக்கும். அப்போது சண்டையிடாமல் கிண்ணத்துக்குத் திரும்ப வேண்டும். வளர்ந்தது சில நாள் உண்ணாமல் இருந்தால் கெடுதியில்லை. ஆனால் உண்ணாமையோடு கண் குழிந்திருந்தாலோ, எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சு நிறமாகியிருந்தாலோ, உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள். அடுத்த நாளுக்குத் தள்ளாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நாங்கள் சென்னைக்குப் போகும்போது, வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பும் வண்டியில், காற்றுத்துளை உள்ள அட்டைப்பெட்டிக்குள் ஒரு கொய்யாக்கிளையை அசையாமல் கட்டி, அதன்மேல் பச்சோந்தியை ஏற்றி, மெல்லிய துணியால் மூடிக்கொண்டு போவோம். அன்றைய எச்சம் ஒரு சிறு டப்பாவிலும், விளக்கின் பெயரும் வாங்கிய தேதியும் ஒரு தாளிலும் கூடவே வரும். மருத்துவர் முதலில் கேட்பவை அவை இரண்டும்தான்.