பிரதேச சபைக் கதிரையை இடைநடுவில் விட்டு ஊடகத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு

கரைதுறைப்பற்றோ மாந்தை மேற்கோ, வெங்கலச்செட்டிகுளமோ கரைச்சியோ, வன்னியில் எந்தச் சபை உறுப்பினரின் படலையைத் தட்டினாலும் சனம் சொல்கிற குறைகள் ஏறக்குறைய ஒன்றுதான். யானை வயலை மிதித்துவிட்டது. காணிக்குள் வன இலாகா எல்லைக்கல் போட்டிருக்கிறது. இராணுவம் இன்னும் காணியை விடவில்லை. நெல்லுக்கு விலை இல்லை. இவற்றில் ஒன்றுகூட பிரதேச சபையின் கையில் இல்லை. சபையின் கையில் இருப்பவை உள்வீதி, தெருவிளக்கு, சந்தை, குப்பை, பொதுக்கிணறு, மயானம், நூலகம் போன்றவை. மாதத்துக்கு ஒருமுறை கூடும் அமர்வில் ஒரு பிரேரணையை வாசித்து, அது நிறைவேறி, கடிதமாகத் திணைக்களத்துக்குப் போய், பதில் வராமல் கிடக்கும். அதே குறையை ஐந்து நிமிடக் காணொளியாகப் போட்டால் கனடாவிலும் சுவிஸிலும் இருப்பவர்கள் அன்றிரவே பார்க்கிறார்கள். மறுநாள் அதிகாரி போன் எடுக்கிறார். பதவியை விட்டுவிட்டு கமராவைத் தூக்கலாமோ என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. அது நியாயமான எண்ணம். ஆனால் அதை வைத்து மட்டும் விலகல் கடிதம் எழுதக்கூடாது.

முதல் வேலை ஒரு கொப்பி வாங்குவது. மூன்று மாதத்துக்கு உங்களிடம் வருகிற ஒவ்வொரு முறைப்பாட்டையும் திகதி போட்டு எழுதுங்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, சபையால் செய்து கொடுக்கக்கூடியது இடப்பக்கம், முடியாதது வலப்பக்கம். மூன்றாம் மாத முடிவில் இடப்பக்கம் நீளமாக இருந்தால் போகாதீர்கள். அந்தச் சனத்துக்கு வேண்டியது மின்குமிழும் கிரவலும்தான், காணொளி அல்ல. வலப்பக்கம் நீளமாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

கொப்பியில் வராத காரணங்களும் இருக்கும். கட்சிக்குள் மனக்கசப்பு, உங்கள் மேல் போட்ட முறைப்பாட்டு விசாரணை, அடுத்தமுறை வெல்லமாட்டோம் என்ற பயம். இவை இருந்தால் மறைக்காதீர்கள், ஏனென்றால் சனம் முதலில் தேடுவது அதைத்தான். அமெரிக்காவின் அலாஸ்கா ஆளுநர் சாரா பாலின் 2009 ஜூலை 3ஆம் திகதி பதவி விலகப்போவதாக அறிவித்து 26ஆம் திகதி பொறுப்பை ஒப்படைத்தார். பதவிக்காலத்தில் இன்னும் ஏறக்குறைய 17 மாதம் இருந்தது. ஒழுக்கநெறி முறைப்பாடுகளுக்குப் பதில் சொல்வதிலேயே நேரமும் பணமும் கரைகிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 2010 ஜனவரியில் ஃபொக்ஸ் நியூஸில் கருத்தாளராகச் சேர்ந்தார். சொன்ன காரணத்தைவிட அந்த ஆறு மாத இடைவெளிதான் பலருடைய மனதில் நின்றது. ஜேசன் சாஃபெட்ஸ் என்ற அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினருக்கு அந்த இடைவெளிகூட இல்லை. 2017 ஜூன் 30இல் விலகினார், அடுத்த நாளே அதே தொலைக்காட்சியில் சேர்ந்தார். பிரித்தானியாவில் முன்னாள் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் 2023 ஜூனில் நாடாளுமன்ற ஆசனத்தை விட்ட கையோடு டெய்லி மெயிலில் பத்தி எழுதத் தொடங்கினார். முன்னாள் அமைச்சர்களின் புதிய வேலைகளை அப்போது பரிசீலித்த குழு அது விதிமீறல் என்று வெளிப்படையாகச் சொன்னது. எங்கள் பிரதேச சபைகளுக்கு அப்படிக் கேள்வி கேட்கிற குழு கிடையாது. ஆகவே காத்திருப்பு விதியை நீங்களே உங்களுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் போடுங்கள். அந்த ஆறு மாதமும் உங்கள் சபையைப் பற்றி எதுவும் வெளியிடாதீர்கள்.

அடுத்தது, உங்கள் கதிரை யாருக்குப் போகும் என்று பாருங்கள். உள்ளூராட்சி சபையில் உறுப்பினர் விலகினால் இடைத்தேர்தல் வராது. அவர் வட்டாரத்தில் வென்றவரோ விகிதாசாரப் பட்டியலில் வந்தவரோ, வெற்றிடத்துக்கு ஆளைப் பெயர் குறிப்பது கட்சிச் செயலாளர். சுயேச்சைக் குழு என்றால் குழுத் தலைவர். உங்களுக்கு வாக்களித்த வட்டாரம், தான் கண்டிராத ஒருவரைப் பெற்றுக்கொள்ளக்கூடும். கட்சியோடு முதலே பேசி, அந்த வட்டாரத்திலேயே ஓராளைப் போடச் சொல்லுங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் என்றால் கதை வேறு. கடிதம் செயலாளர் நாயகத்துக்குப் போகும், ஆசனம் பட்டியலில் அடுத்த கூடிய விருப்பு வாக்கு எடுத்தவருக்குப் போகும். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு இருப்பதே ஆறு ஆசனம். கிளிநொச்சி வன்னி நிலம்தான், ஆனால் தேர்தல் கணக்கில் யாழ்ப்பாணத்தோடு.

ஓர் உறுப்பினர் வித்தியாசத்தில் ஓடுகிற சபைகள் உண்டு. அப்படிப்பட்ட சபையில் பாதீட்டு வாக்கெடுப்புக்கு முன் விலகினால் நீங்கள் ஊடகத்துக்குப் போனதாக யாரும் சொல்லமாட்டார்கள், விலைபோனதாகத்தான் சொல்வார்கள். பாதீடு நிறைவேறிய பிறகு, புதுவருடத்தில் விலகுங்கள்.

கடிதம் நாலு வரிக்கு மேல் வேண்டாம். யாருக்கு முகவரியிடுவது என்பதை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே எழுதுங்கள். வழியில் காணும் தவறுகளில் கூடுதலானது, தவிசாளர் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவது. இப்படி எழுதினால் போதும்:

"... பிரதேச சபையின் ... வட்டார உறுப்பினரான நான், ... ஆம் திகதி முதல் எனது உறுப்பினர் பதவியிலிருந்து விலகுகிறேன். இது எனது சுயவிருப்பில் எடுத்த முடிவு. என் வசமுள்ள சபைக்குரிய பொருட்களையும் ஆவணங்களையும் சபைச் செயலாளரிடம் ஒப்படைத்துள்ளேன்."

கையொப்பம், அடையாள அட்டை இலக்கம், திகதி. இரண்டு பிரதி. ஒன்றை நேரில் கொடுத்து மற்றதில் முத்திரை குத்தி வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பி பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கட்சியைத் திட்டுவதற்கும் கொள்கை விளக்கத்துக்கும் இது இடமில்லை. திகதி போடாத கடிதத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். அதை வைத்து உங்களை ஆட்டிப்படைப்பார்கள்.

ஒப்படைக்கும்போது கவனிக்க வேண்டியது வட்ஸ்அப் குழு. வட்டார மக்களின் இலக்கங்கள் உறுப்பினர் என்ற நம்பிக்கையில் உங்களிடம் வந்தவை. அந்தக் குழுவின் பெயரை மாற்றி உங்கள் சனலின் விளம்பரக் குழுவாக ஆக்காதீர்கள். அதை அடுத்த உறுப்பினரிடம் கொடுத்துவிட்டு வெளியேறுங்கள். புதுக்குழு தொடங்கி விரும்புபவர் வரட்டும். பேஸ்புக் பக்கத்துக்கும் இதே கதைதான். பெயரை மாற்றினாலும் பழைய பெயர் பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதியில் கிடக்கும், யாரும் தட்டிப் பார்க்கலாம். சொத்து விபரப் பிரகடனத்தையும் மறக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி மார்ச் 31 நிலவரத்தை ஜூன் 30க்குள் கொடுப்பது வழமை. விலகுகிற ஆண்டுக்கு எப்போது, எவரிடம் கொடுப்பது என்று செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இனிக் காசு. யூடியூபில் நீளக் காணொளிகளை வைத்து முழு விளம்பர வருமானம் எடுப்பதற்கு 1,000 சந்தாதாரரும் கடைசி 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். 4,000 மணித்தியாலம் என்றால் 240,000 நிமிடம். ஒருவர் சராசரி நாலு நிமிடம் பார்த்தால் 60,000 பார்வை. கிழமைக்கு இரண்டு காணொளி போட்டால் வருடத்துக்கு 104, ஆகவே ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட 577 பார்வை வந்தால் ஒரு வருடத்தில் எட்டலாம். குறுங்காணொளியாக ஓடுகிற பார்வை இந்த மணித்தியாலக் கணக்கில் சேராது, அழித்ததும் தனிப்பட்டதாக மாற்றியதும் சேராது. எட்டிய அன்றே காசு வராது. விளம்பரக் காசு சேருகிற கூகுளின் அட்சென்ஸ் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் ஒரு இரகசிய இலக்கத்தைத் தபாலில் அனுப்புவார்கள், 100 டொலர் சேர்ந்த பின்தான் வங்கிக்குப் போடுவார்கள். அந்தத் தபாலில்தான் எங்கள் பக்கத்தில் பலர் இடறுகிறார்கள். வீட்டிலக்கம் இல்லாத முகவரியில் ஊர்ப்பெயரை மட்டும் போட்டால் கடிதம் தபாலகத்தோடு நின்றுவிடும். வீதி, சனசமூக நிலையம் அல்லது கோயில் அடையாளம், உபதபாலகத்தின் பெயர் எல்லாம் போட்டு, தபால்காரரிடமும் சொல்லி வையுங்கள். நாலு மாதத்துக்குள் இலக்கத்தைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். பெயரும் அப்படித்தான்: வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து, அட்சென்ஸில் முழுப்பெயர் என்றிருந்தால் பணம் திரும்பும். வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் வரி உண்டு, கூடியது 15 வீதம். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் விலக்கு இருக்கிறது. வரி இலக்கத்தை முதலே எடுத்துவிடுங்கள். மொத்தத்தில், ஒரு வருட வீட்டுச் செலவு கையில் இல்லாமல் விலகுவது குடும்பத்தைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

அரசியலில் இருந்து வந்தவர்களின் காணொளியில் முதலில் தெரிகிற குறை, அவர்களே பேசிக்கொண்டிருப்பது. ஆறு நிமிடக் காணொளியில் உங்கள் குரல் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் அது மேடைப்பேச்சு. மற்றக் குறை சத்தம். முத்தையன்கட்டிலோ வவுனிக்குளத்திலோ குளக்கட்டில் ஒரு விவசாயியைப் பேச வைக்கிறீர்கள் என்று வையுங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் காலை ஏழரைக்குப் பிறகு அங்கே காற்றுத்தான் பேசும். காற்று முதுகில் படுமாறு ஆளை நிறுத்துங்கள். சட்டை மைக்கை நாடியிலிருந்து ஒரு சாண் கீழே, துணிக்கு உள்பக்கமாகக் குத்தி, பஞ்சு உறை போடுங்கள். பத்து விநாடி பதிந்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுத்தான் முதல் கேள்வி. படம் கொஞ்சம் மங்கினால் சனம் பொறுக்கும், சத்தம் கேட்காவிட்டால் அடுத்த காணொளிக்குப் போய்விடும்.

உதவி கேட்கும் காணொளிகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு கொட்டிலுக்குள் போய், வெறும் பானையைத் திறந்து காட்டி, தாயை அழவைத்து, கீழே தன் வங்கி இலக்கத்தைப் போடுகிற வழக்கம் வன்னியில் வேர்விட்டிருக்கிறது. பார்வை கூடுவது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் அதே முகத்தோடு பள்ளிக்கூடம் போக வேண்டும். நேற்றுவரை உறுப்பினராக இருந்தவர் கேட்டால் அந்தக் குடும்பத்தால் மறுக்கவும் முடியாது. உதவி செய்யத்தான் வேண்டுமென்றால் முகமும் பெயரும் இல்லாமல் தேவையை மட்டும் சொல்லுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு ஒரு சதமும் வரக்கூடாது. ஊரின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற பதிவுள்ள சங்கத்தின் கணக்குக்குப் போகட்டும். தலைவரும் பொருளாளரும் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு கொடுப்பவருக்குப் போகட்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் இருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவில் இருக்கிறார்கள். அவர்களிடம் "கடைசியாக எப்போது கண்டீர்கள்" என்று மறுபடியும் கேட்காதீர்கள். அது நூறுமுறை பதிவாகிவிட்டது. எந்த அலுவலகத்துக்கு எப்போது போனார்கள், என்ன கடிதம் வந்தது என்று கேளுங்கள். கடிதத்தைப் படமெடுக்கும்போது அடையாள அட்டை இலக்கத்தை மறையுங்கள்.

சபைக்குள் கோவைகளை எட்டிப் பார்த்துப் பழகியவருக்கு வெளியே வந்ததும் கை கட்டிய மாதிரி இருக்கும். பழைய நண்பரான எழுதுவினைஞரிடம் இரகசியமாகப் பிரதி வாங்காதீர்கள். மாட்டுப்படுவது அவர். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலருக்கு எழுத்தில் கொடுத்தால் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. "ஏன் இந்த வீதி போடவில்லை" என்று கேட்டால் பதில் வராது, சட்டம் கொடுப்பது கோவையில் உள்ளதைத்தான். "இந்த வீதிக்கு இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை, ஒப்பந்தக்காரர், செலுத்திய கொடுப்பனவுச் சீட்டுகளின் பிரதி" என்று கேளுங்கள்.

நாடாளுமன்றத்தில் இருந்து வருகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சபைக்குள் சொன்ன வசனத்துக்கு, வழக்குப் போட முடியாத வரப்பிரசாதப் பாதுகாப்பு இருந்தது. அதே வசனத்தைக் கமராவுக்கு முன் சொன்னால் அது இல்லை. குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது, ஆனால் குடியியல் வழக்கில் நட்டஈடு கேட்கலாம். இணையத்தில் போடுகிறவற்றைக் கட்டுப்படுத்தும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் தலைக்கு மேலே நிற்கிறது. ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டுமுன் ஆவணம் கையில் இருக்க வேண்டும், அவருடைய பதிலைக் கேட்டதற்குத் திகதியோடு ஆதாரமும் இருக்க வேண்டும்.

ஆறு மாதம் கழிந்து பழைய சபையைப் பற்றிச் செய்தி செய்யும்போது, முதல் அரை நிமிடத்துக்குள் "இந்தச் சபையில் நான் இந்தக் கட்சி உறுப்பினராக இருந்தேன்" என்று வாயால் சொல்லுங்கள், விபரப் பகுதியில் எழுதுவது போதாது. கட்சிப் பொறுப்புகளையும் விட்டிருக்க வேண்டும். மறுபடி தேர்தலில் நிற்கும் எண்ணம் வந்தால், வேட்புமனுத் தாக்கலுக்கு மூன்று மாதம் முன்பே அதை அறிவித்து, சனலின் கடவுச்சொல்லையும் ஆசிரியர் பொறுப்பையும் வேறொருவரிடம் கொடுத்து, அன்றிலிருந்து உங்கள் முகம் அதில் வராமல் பாருங்கள்.