ரெக்கார்டு, இன்டர்னல், தூக்கம் மூன்றும் தப்பாமல் ஒரு செமஸ்டர்: வார அட்டவணை போடும் முறை

இது அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் ரெகுலேஷன் 2021 என்ற பாடத்திட்ட, தேர்வு விதிமுறையின் கீழ் பி.இ. படிக்கும் மாணவர்களுக்கானது. தன்னாட்சிக் கல்லூரியில் மதிப்பெண் பங்கீடு மாறும். உங்கள் கல்லூரி விதியைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு டே ஸ்காலருக்கு (வீட்டிலிருந்து தினமும் வந்துபோகிறவருக்கு) போட்டது. ஹாஸ்டல்காரர்களுக்குக் கடைசியில் தனியாக இருக்கிறது.

1. மணிக்கணக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் தூக்கத்துக்கு நாளொன்றுக்கு 7 என்று 49-ஐ முதலிலேயே கழித்துவிடுங்கள். மிச்ச நேரத்தில் தூங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் முதலில் பறிபோவது தூக்கம்தான். காலை 7 மணிக்குக் காலேஜ் பஸ் ஏறி மாலை ஐந்தரைக்கு இறங்குபவருக்கு ஐந்து நாளில் 52.5 மணி போய்விடும். குளியல், சாப்பாடு, துணி, வீட்டு வேலைக்கு 21. மீதி 45.5.

படிப்புக்கு இதில் 18 போதும்: வார நாளில் தினமும் 2, சனி 5, ஞாயிறு 3. மீதமுள்ள இருபத்தேழரை மணியை விளையாட்டுக்கும் நண்பர்களுக்கும் சினிமாவுக்கும் கூச்சப்படாமல் எழுதி வையுங்கள். ஓய்வுக்கு இடமில்லாத அட்டவணை இரண்டாம் வாரம் தாண்டாது.

பஸ் நேரத்தைப் படிப்பு நேரமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். உட்கார இடம் கிடைத்தால் டூ மார்க்ஸ் (இரண்டு மதிப்பெண் கேள்விகள்) புரட்டலாம், அவ்வளவுதான்.

2. மதிப்பெண் எங்கே இருக்கிறது

தியரி பேப்பருக்கு இன்டர்னல் (செமஸ்டர் நடக்கும்போதே கல்லூரி போடும் மதிப்பெண்) 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வுத் தாள் நூறு மதிப்பெண்ணுக்கு, அது 60-ஆகக் குறைக்கப்படும். இன்டர்னலுக்கு இரண்டு அசெஸ்மென்ட், தலா நூறு மதிப்பெண். ஒவ்வொன்றிலும் அசைன்மென்ட், செமினார் போன்றவற்றுக்கு 40, எழுத்துத் தேர்வுக்கு 60. ஆக, இன்டர்னல் 40-இல் 16 மதிப்பெண் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் செய்து வாங்கக்கூடியது. அசைன்மென்ட்டைக் கடைசி நாள் இரவு நண்பனைப் பார்த்து எழுதுபவர்கள் இழப்பது இந்த 16-ஐத்தான்.

பாஸ் ஆக மொத்தம் 50 வேண்டும். அதோடு செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் எடுத்தாக வேண்டும். இன்டர்னலில் 38 இருந்தாலும் தேர்வில் நூற்றுக்கு 44 என்றால் அரியர்தான். இன்டர்னல் 20-க்கு இறங்கினால் தேர்வில் நூற்றுக்கு 50 எடுக்க வேண்டியிருக்கும்.

3. ரெக்கார்டு (இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்)

வாரம் இரண்டு லேப், ஒவ்வொன்றிலும் பத்து எக்ஸ்பெரிமென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எக்ஸ்பெரிமென்ட்டை ரெக்கார்டில் (லேபில் செய்ததை முழுதாக எழுதி ஒப்படைக்கும் நோட்டில்) எழுத ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் 30 மணி. தள்ளிப்போட்டால் இந்த முப்பதும் மாடல் எக்ஸாம் வாரத்தில் வந்து விழும். அப்போது படிப்பு நின்றுவிடும், தூக்கமும் போகும். லேப் பாடத்தில் இன்டர்னல் 60. அதில் பெரும்பகுதி ரெக்கார்டுக்கும் அப்சர்வேஷனுக்கும்தான்.

ஒரு எக்ஸ்பெரிமென்ட்டில் பாதிக்கு மேல் லேபுக்குப் போகும் முன்பே எழுதிவிடலாம். அதை இப்படிப் பிரியுங்கள்:

- லேபுக்கு முந்தைய மாலை, 50 நிமிடம்: வலது பக்கத்தில் எய்ம், அப்பரேட்டஸ், ஃபார்முலா, ப்ரொசீஜர். இடது வெள்ளைப் பக்கத்தில் சர்க்யூட் படம், அட்டவணைக் கட்டங்கள் பென்சிலில். அட்டவணைக்கு உள்ளே எதுவும் நிரப்ப வேண்டாம்.
- லேபில்: ரீடிங் எல்லாம் அப்சர்வேஷன் நோட்டில். கிளம்பும் முன் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் வாங்கலாம் என்று விட்டால், ரீடிங் தவறென்றால் திரும்ப எடுக்க மீட்டர் முன்னால் இருக்காது.
- அன்று மாலையே, 40 நிமிடம்: ரீடிங், கால்குலேஷன், கிராஃப், ரிசல்ட்.

ப்ரொசீஜரை முன்கூட்டி எழுதும்போது சீனியரின் ரெக்கார்டைப் பார்க்காதீர்கள், இந்த ஆண்டு லேப் மேனுவலைப் பாருங்கள். பாடத்திட்டம் மாறிய பாடங்களில் சர்க்யூட் மதிப்புகள் வேறாக இருக்கும். ஒரு ரெசிஸ்டர் மாறினால் முழுப் பக்கத்தையும் கிழித்து எழுத நேரிடும். கிராஃப் ஷீட் பத்துப் பதினைந்தைச் செமஸ்டர் தொடக்கத்திலேயே வாங்கி ரெக்கார்டின் அட்டைக்குள் வைத்துவிடுங்கள். ஷீட் இல்லாமல் நின்றுபோகும் ரெக்கார்டுகள் நிறைய.

4. தியரி

கேள்வித்தாளில் பார்ட் ஏ பத்து டூ மார்க்ஸ், பார்ட் பி-இல் 13 மதிப்பெண் கேள்வி ஐந்து, பார்ட் சி-இல் 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. மூன்று மணி நேரத்தில் பார்ட் ஏ-க்கு 30 நிமிடம் போனால், மீதி ஆறு கேள்விக்கும் தலா 25 நிமிடம்தான். ஆகவே வாரந்தோறும் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு 13 மார்க் கேள்வியை 25 நிமிடம் அலாரம் வைத்து, நோட்டை மூடிவிட்டு எழுதுங்கள். ஐந்து பாடத்துக்கு இரண்டு மணி நேரம் சொச்சம். சனிக்கிழமை காலை இதற்கு ஒதுக்கலாம். படித்தது மட்டும் போதாது. படம் போட்டு, பாகங்களைக் குறித்து 25 நிமிடத்துக்குள் முடிக்கக் கைக்குப் பழக வேண்டும்.

5. அட்டெண்டன்ஸ்

75 சதவீதம் வேண்டும். 90 வேலைநாள் என்றால் 68 நாள் வர வேண்டும், 22 நாள் கையிருப்பு. முதல் பாதியில் 8-க்கு மேல் செலவு செய்யாதீர்கள். காய்ச்சலும் வீட்டு விசேஷமும் சொல்லிக்கொண்டு வராது. 65-க்கும் 75-க்கும் இடையில் மருத்துவச் சான்று போன்ற காரணங்களுக்குத்தான் சலுகை.

எதில் எழுதுவது

ஆப் வேண்டாம். ஒரு ஏ4 தாள், பீரோ கதவில் ஒட்டுங்கள். போனில் அட்டவணை பார்க்கத் திறந்தால் அரை மணி ரீல்ஸில் போய்விடும். கூகுள் காலண்டரில் அசைன்மென்ட் கடைசித் தேதிகளை மட்டும், இரண்டு நாள் முன்னதாக நினைவூட்டும்படி போடுங்கள்.

பிறகு சேர்த்தவை

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்குப் பயண நேரம் மிச்சம், ஆனால் அறையில் படிப்பு நடக்காது. வார நாளின் படிப்புக்கான இரண்டு மணி நேரத்தையும் லைப்ரரியிலோ ஸ்டடி ஹாலிலோ, மெஸ் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். துணியை ஞாயிறு காலை துவைக்கப் போனால் குழாயடியில் வரிசை, கொடியில் இடமில்லை. புதன் இரவு துவைத்தால் இரண்டும் கிடைக்கும். ஜீன்ஸை மட்டும் சனிக்கு வையுங்கள். மழைக்காலத்தில் ஒரே இரவில் காயாது.

அரியர் இருப்பவர்கள் சனிக்கிழமை 5 மணியில் 2-ஐ அதற்குக் கொடுங்கள். ஸ்டடி ஹாலிடேஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த நாட்களை நடப்புப் பாடங்களே விழுங்கிவிடும்.