ஒலிம்பிக்ஸை ஆளோடு சேர்த்துப் பாருங்கள்

பதக்கப் பட்டியலை ஒதுக்கிவையுங்கள். ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பாருங்கள், அதில்தான் ருசி. 2024 பாரிஸில் கோலூன்றித் தாண்டும் டுப்ளான்டிஸுக்குத் தங்கம் உறுதியாகிவிட்டது. ஆனாலும் குறுக்குக்கம்பியை 6.25 மீட்டருக்கு ஏற்றச் சொன்னார். இரண்டு முறை தவறி, மூன்றாவதில் தாண்டினார். உலக சாதனை! காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. சீப்புச்சீடை டப்பாவைச் சுற்றி எல்லோரும் விழித்திருந்தோம்.

தொடக்க விழாவில் நம் அணி போனதும் எழுந்துவிடாதீர்கள். நாலைந்து பேரோடு கொடி பிடித்து வரும் குட்டித்தீவு நாடுகளின் முகங்களைப் பாருங்கள், அவ்வளவு பூரிப்பு.

அப்புறம், மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்ஸைக் கட்டாயம் பாருங்கள். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் வென்றவர். அவர் ஓடத் தொடங்கினால் எங்கள் அப்பத்தா, "தாண்டிரு அப்பு!" என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். நீங்களும் கூச்சப்படாமல் கத்துங்கள்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே மாலைப் போட்டி என்றால் இங்கே காலைப் பலகார நேரம். அதற்கேற்ப லீவு சொல்லிவையுங்கள்.