பள்ளி மைதானத்துக்குக் காசு தேடுவது எப்படி: தெருவிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை

அரசுப் பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் செய்வது, ஒரு மனு எழுதி எம்.எல்.ஏ. கையில் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு வருவதுதான். நாங்களும் அதைத்தான் செய்தோம். ஒன்றரை வருஷம் ஓடியது. அப்புறம் வேறு வேலையாக வந்த சர்வேயர் ஒருவர், பள்ளி இடம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததில் கிட்டத்தட்ட பாதி வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அதனால் காசைப் பற்றிப் பேசுவதற்கு முன் இடத்தைப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் சர்வே எண் போட்டால் அ-பதிவேடும் (இடம் யாருடையது, என்ன வகை என்ற விவரம்) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) கிடைக்கும், காசு கிடையாது. இடம் யார் பெயரில் இருக்கிறது, என்ன வகைப்பாடு என்று பிரிண்ட் எடுத்து எச்.எம். மேசையில் வையுங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்றும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுங்கள், கம்பியை மாற்றும் செலவே தனி எஸ்டிமேட் ஆகிவிடும்.

அடுத்தது அளவு. கபடிக்கு 13-க்கு 10 மீட்டர். வாலிபாலுக்குக் கோர்ட் 18-க்கு 9, சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24-க்கு 15. கோ-கோ 27-க்கு 16. ஓரளவு சதுரமான 20 சென்ட் இடத்தில் வாலிபாலும் கபடியும் அடங்கிவிடும். தொடக்கப்பள்ளி என்றால் இதெல்லாம் தேவையே இல்லை, மர நிழல், மணல், ஊஞ்சல், ஏறி இறங்க ஏதாவது இருந்தால் போதும். பி.டி. மாஸ்டரையும் பிள்ளைகளையும் கேட்டு ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகளைத் தனியாகக் கேளுங்கள். எங்களிடம் அவர்கள் முதலில் கேட்டது பந்து இல்லை, ரோட்டுப் பக்கம் ஒரு மறைப்புச் சுவர்.

அந்தத் தாளை ஒன்றிய அலுவலகப் பொறியாளரிடம் கொண்டுபோய் எஸ்டிமேட் போடச் சொல்லுங்கள். நாலு தடவை அலைய வேண்டியிருக்கும், அலையுங்கள். கூடவே பெற்றோரும் ஆசிரியரும் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதே அந்தக் குழுவின் வேலைதான், அதனால் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. கிராமமாக இருந்தால் கிராம சபையிலும் தீர்மானம் வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு சபை நடக்கிறது. தீர்மான நகல் கையில் இல்லாமல் எந்த ஆபீஸுக்குப் போனாலும் டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சரி, இப்போது காசு. பள்ளிக்கே வருகிற விளையாட்டு மானியத்தை நம்ப வேண்டாம். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப்பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 ரூபாய். அது பந்துக்கும் வலைக்கும்தான் சரியாக இருக்கும்.

உள்ளூரில் தொடங்குங்கள், ஆனால் பணமாகக் கேட்காதீர்கள். ஜே.சி.பி. வைத்திருப்பவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேர ஓட்டம், செங்கல் சூளைக்காரரிடம் ஒரு லோடு, வெல்டிங் பட்டறையில் கோல் கம்பம், பஞ்சர் கடையில் பழைய லாரி டயர் என்று பொருளாகக் கேட்டால் மனுஷன் இல்லை என்று சொல்லமாட்டான். டயரை வைத்து ஊஞ்சலும் சுரங்கமும் செய்கிற வேலையைப் பெங்களூரின் ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் அமைப்பு பல ஊர்களில் செய்திருக்கிறது, அவர்கள் செய்த படங்களைப் பார்த்தாலே ஆசை வரும். டயரில் அடிப்பக்கம் ஓட்டை போட மறக்காதீர்கள், மழைத் தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு வளர்ந்தால் மைதானத்தையே மூடச் சொல்வார்கள். கிராவல் இலவசமாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் நடைச்சீட்டு (மண் எடுத்துச் செல்வதற்கான அரசு அனுமதிச் சீட்டு) இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள், பிறகு எச்.எம். பதில் சொல்ல வேண்டிவரும்.

ஊரைச் சேர்க்கக் கல்விச் சீர் மாதிரி ஒரு வழி கிடையாது. கல்யாணச் சீர் போலவே தாம்பாளத்தில் பந்து, ஸ்கிப்பிங் கயிறு, நோட்டு எல்லாம் வைத்து மேளத்தோடு பள்ளிக்கு ஊர்வலம் போவது பல ஊர்களில் நடக்கிறது. அன்றைக்கே வாசலில் மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டைப் போட்டு, முன்னாள் மாணவர் ஒருவரை எழுத உட்கார வையுங்கள். பெயர், பத்தாம் வகுப்பு முடித்த வருஷம், கொடுத்தது என்ன என்று மூன்று கட்டம். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பையன்கள் அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் பார்த்ததும், தன் செட்டில் எவன் எழுதியிருக்கிறான் என்று தேடுவான். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவே வேண்டாம்.

இப்படித் திரட்டியதை அப்படியே செலவழித்துவிடாதீர்கள். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 6 லட்சம் ரூபாய் வேலைக்கு 2 லட்சம் உங்களுடையது. பாதிக்கு மேல் கொடுத்தால் வேலையை நீங்களே எடுத்துச் செய்யவும் வழி உண்டு. 90-களின் கடைசியில் இந்தப் பெயரில் வந்தது, 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் ஆனது, 2021-இல் மறுபடி பழைய பெயர். ஆட்சி மாறினால் போர்டுதான் மாறுகிறது, ஆகவே கலெக்டர் ஆபீஸில் பெயரைச் சொல்லித் தடுமாறாமல், மக்கள் பங்களிப்புத் திட்டம் இப்போது எது நடக்கிறது என்று கேளுங்கள். எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. சுற்றுச்சுவர் மாதிரி கண்ணுக்குத் தெரிகிற ஒரே வேலையை அங்கே கேளுங்கள். மனுவோடு இந்தத் தடவை எஸ்டிமேட்டும் தீர்மானமும் சேர்த்து வையுங்கள்.

கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்குகிற சி.எஸ்.ஆர். பணம் பற்றி நிறையப் பேருக்குப் பெரிய கனவு இருக்கிறது. சென்னையில் பெரிய கண்ணாடிக் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு மெயில் போட்டுக் காத்திருப்பது வீண். உங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஷிப்ட் பஸ் நின்று ஆள் ஏற்றுகிறதே, அந்தக் கம்பெனிக்குப் போங்கள். ஆலை இருக்கிற சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டமே சொல்கிறது. வருஷத்துக்கு 5 கோடி நிகர லாபம் வந்தாலே, மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கியாக வேண்டும். அவர்கள் கணக்கு மார்ச்சில் முடியும், ஆகவே ஜனவரி வாக்கில் செலவழிக்காத பணம் மிச்சம் இருக்கிறவர்கள் தயாராக இருக்கும் சின்ன வேலையைத் தேடுவார்கள். ஒரே பக்கக் கடிதம் போதும்: எத்தனை பிள்ளைகள், சர்வே எண், எஸ்டிமேட் தொகை, இப்போதைய இடத்தின் இரண்டு படம், அப்புறம் யார் பராமரிப்பார்கள். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களுக்கும் இதே கடிதம்தான், அங்கே மட்டும் புதுத் தலைவர் ஜூலையில் பொறுப்பேற்றதும் போங்கள், அப்போதுதான் கை தாராளம்.

பணம் யார் கணக்கில் விழுகிறது என்பதில் கறாராக இருங்கள். தனி ஆள் ஜி-பே எண்ணைப் போட்டு வசூலித்த எந்த நல்ல காரியமும் கடைசியில் சண்டையில்தான் முடிந்திருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி தளம் வழியாக, பள்ளியைக் குறிப்பிட்டு நேரடியாகக் கொடுக்கலாம், வரிச் சலுகையும் உண்டு. தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தாலும் சரி, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதைக் கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கல்வெட்டில் யார் பெயர் மேலே என்ற தகராறும் வரும். நாங்கள் அகர வரிசை என்று சொல்லித் தப்பித்தோம், அதிலும் இனிஷியலைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு மாமா இரண்டு நாள் பேசவில்லை.

சாவி விஷயத்தையும் முதலிலேயே பேசி எழுதி வையுங்கள். எங்கள் மைதானத்தில் முதல் மாசம் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் பாட்டில் கண்ணாடியைப் பொறுக்குவதுதான் பிரேயருக்கு முந்தைய வேலையாக இருந்தது. பிறகு சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் கபடி டீம் பையன்கள் விளையாடிக்கொள்ளலாம், பதிலுக்குக் கேட்டைப் பூட்டுவதும் கோடு போடச் சுண்ணாம்பு வாங்குவதும் அவர்கள் பொறுப்பு என்று குழுவில் தீர்மானம் போட்டோம். இப்போது சாவி டீ கடையில் ஆணியில் தொங்குகிறது, எடுப்பவர் பெயரைக் கடைக்காரர் காலண்டர் தாளில் குறித்துக்கொள்கிறார்.