குளிர்ந்த ஏடிவி எஞ்சின் ஐடிலில் நிற்கவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) புதிதாகக் கைவைப்பவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். டேங்கில் பெட்ரோல் இல்லை, பிளக் ஒயர் கழன்றிருக்கிறது என்பதையெல்லாம் விட்டுவிடுவோம். இங்கே பேச்சு, காலையில் ஸ்டார்ட் ஆகி, சோக்கை (குளிரில் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் அமைப்பு) எடுத்ததும் அணைந்து, சூடேறிய பிறகு மட்டும் ஒழுங்காக ஓடும் 110, 125 சிசி ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சக்கர வண்டிகளைப் பற்றி.

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் சுவரிலேயே கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாத ஓட்டத்தில், பெட்ரோல் விடும் துளையுள்ள திருகான ஸ்லோ ஜெட்டில் லேசாக அடைப்பு இருந்தாலும் முதலில் தடுமாறுவது குளிர்ந்த ஐடில்தான்.

ஐடில் ஸ்குரூவை ஏற்றிவிடுவது

காலையில் எஞ்சின் அணையாமல் ஓடும். சூடானதும் ஆர்பிஎம் எகிறி, சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் பிடிக்க ஆரம்பிக்கும். கியர் போட்டதும் வண்டி தானாக நகரும். பிரேக்கை அழுத்தியே நிறுத்தி வைத்தால் கிளட்ச் ஷூ தேயும்.

ஜெட்டுக்குள் கம்பி விடுவது

எத்தனை தடவை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. ஸ்லோ ஜெட்டின் துளை 0.38 மி.மீ. என்று வையுங்கள். ஜெட் பித்தளை, ஊசியோ எஃகுக் கம்பியோ உள்ளே போய்த் திரும்பினால் அது சுரண்டிக்கொண்டு வரும். துளை 0.42 ஆனால் பரப்பளவு 22 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாது.

இதில் கொடுமை, மறுநாள் காலை வண்டி அருமையாக ஓடும்! குளிரில் கூடுதல் பெட்ரோல்தானே வேண்டியிருந்தது? சூடானதும் தெரியும்: ஐடிலில் பெட்ரோல் மிகுந்து, பிளக் கரி பிடித்து, சைலன்சரில் பெட்ரோல் வாடை. உடனே மிக்சர் ஸ்குரூ (காற்று-பெட்ரோல் கலவைத் திருகு), பிளக், ஏர் ஃபில்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவார்கள். அடுத்து வரும் மெக்கானிக்கும் ஜெட்டில் பொறித்த 38-ஐப் பார்த்து நம்பி ஏமாறுவார். அந்த எண் இனி பொய்.

முறையாகச் செய்ய: பெட்ரோலை வடித்து, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி, அளவான ஸ்குரூடிரைவரால் ஜெட்டை எடுங்கள். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவிட்டு, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். அசையாத அழுக்குக்கு நைலான் பிரஷ்ஷின் ஒற்றை இழை போதும். அதற்கும் வராவிட்டால் அதே எண்ணில் புது ஜெட். பிறகு, ஜெட் இருந்த துளைக்குள் கிளீனரை அடித்தால் த்ராட்டிலுக்கு அருகிலுள்ள சின்னத் துளைகளில் வெளிவர வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நேரே கண்ணுக்குத்தான் பீய்ச்சும்.

மிக்சர் ஸ்குரூவை இறுக்குவது

முனை உடைந்தால் கார்புரேட்டரே போச்சு. கழற்றுவதற்கு முன், மெல்லத் தட்டும்வரை உள்ளே திருகி எத்தனை சுற்று என்று குறித்துவையுங்கள். ஸ்குரூ எஞ்சின் பக்கம் இருந்தால், வெளியே திருகத் திருகப் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் குறையும்.

மேனிஃபோல்ட் ரப்பரைப் பார்க்காமல் விடுவது

வெடிப்பு வழியே காற்று புகுந்தாலும் இதே அறிகுறிதான். எஞ்சின் ஓடும்போது ரப்பரைச் சுற்றி கிளீனரைச் சிறிதளவு அடியுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கே. சைலன்சர் சூடேறும் முன்பே இதை முடித்துவிடுங்கள், தீப்பிடிக்கும்.

சூடான எஞ்சினில் டேப்பட் பார்ப்பது

டேப்பட் என்றால் வால்வு இடைவெளி. ராத்திரி முழுக்க ஆறிய பிறகு, பிஸ்டனைக் கம்ப்ரஷன் டாப்பில் (கலவையை அழுத்தி முடிக்கும் உச்சி நிலை) வைத்துத்தான் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு). அளவு, உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ளது மட்டுமே.

பழைய பெட்ரோல்

வடித்துக் கொட்டுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.